அதிகமாகத் துடைத்த இடம்

எங்கள் பட்டறையில் ஒரு வேலையை எடுத்ததும் முதலில் அதற்கு ஓர் அட்டவணை தயாராகும். தகட்டைச் சரிபார்ப்பது, வெட்டுவது, வளைப்பது, வெல்டிங், சோதனை, பெயின்ட் என்று வரிசையாக எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே கடைசிக் கட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்து. 'ஆர்' என்று போட்டிருந்தால், வாடிக்கையாளர் அனுப்பும் ஆய்வாளர் அந்த வேலையின் காகிதத்தைப் பிறகு படித்துப் பார்த்துக்கொள்வார். 'டபிள்யூ' என்று போட்டிருந்தால், வேலை நடக்கும்போதே பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். அதற்கு 'விட்னஸ்' என்று பெயர்.

அந்த அட்டவணையை முதல் தடவை கையில் வாங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அரியமங்கலம் தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாள். அதைப் படித்துக்கொண்டே போனபோது, எனக்கு என்ன வேண்டும் என்பதை யாரோ ஒரே எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு எல்லாமே 'ஆர்' ஆக இருக்க வேண்டும். செய்து முடித்ததைப் பாருங்கள். தப்பு இருந்தால் திட்டுங்கள், திரும்பச் செய்யச் சொல்லுங்கள். செய்துகொண்டிருக்கும்போது மட்டும் பார்க்காதீர்கள்.

இதை வெட்கம் என்று நினைக்கிறார்கள். வெட்கம் இல்லை. எனக்கு நிதானமான பெண் என்றுதான் பெயர். பேச வேண்டிய இடத்தில் பேசுவேன், குரல் நடுங்காது. ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தவுடன் எனக்குள் ஒருத்தி எழுந்து வெளியே போய், அவர்களோடு சேர்ந்து நின்று என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். கையில் இருக்கும் வேலைக்குப் பாதி ஆள்தான் மிச்சம். சின்ன வயதில் அது பயமாக இருந்தது. இப்போது களைப்பாக இருக்கிறது. தினமும் வேலைக்குப் போய்வருவதோடு, பார்க்கப்படாமல் போய்வருவது என்று இன்னொரு வேலையும் செய்கிறேன்.

அந்த இரண்டாவது வேலைக்கு விதிமுறைகள் உண்டு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு இருக்கும் தெருவில், கோயிலுக்கு வருகிறவர்கள் வேன்களிலிருந்து இறங்கி நிற்பதற்கு முன்பு கிளம்பிவிட வேண்டும். ஊரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், கோலத்தையும், மாட்டையும், வாசலில் செருப்பு மாட்டுகிற என்னையும். டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட். காதில் இயர்போன், பாட்டு இல்லாமல். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி அரியமங்கலம் பஸ் வரும்வரை, தூணுக்கு முதுகைக் கொடுத்து நிற்பது. முதுகுப் பக்கம் ஒரு திசை குறையும்.

காவிரிப் பாலம் மட்டும் விதிவிலக்கு. பஸ் பாலத்தில் ஏறியதும் எல்லார் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். தண்ணீர் ஓடினால் தண்ணீரைப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் தண்ணீர் இல்லாததைப் பார்ப்பார்கள். தினமும் போகிறவர்களும் அப்படித்தான். அந்த இரண்டு நிமிடம் எனக்கு ஓய்வு.

போனில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். பார்வைகளைப் பற்றியது. எதையும் வரிசைப்படுத்தினால் அது கொஞ்சம் அடங்கும் என்ற நம்பிக்கையில் எழுதியது. ஒன்று, பஸ் பார்வை. அதில் கெட்ட எண்ணத்தோடு பார்க்கிறவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திருப்பி முறைத்தால் போதும், போனை எடுத்துவிடுவார்கள். எனக்குக் கஷ்டம் எந்த எண்ணமும் இல்லாமல் பார்க்கிறவர்களிடம்தான். அவர்களை எதற்காக முறைப்பது? இரண்டு, கடைப் பார்வை. மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைகளில், நாம் ஒரு சுடிதார் துணியைத் தொட்டுப் பார்க்கும் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பிடிக்காத நிறங்களில் நான்கு சுடிதார் என்னிடம் இருப்பதற்கு அதுதான் காரணம். மூன்று, சொந்தக்காரர் பார்வை. முகத்தில் ஆரம்பித்து, கழுத்துக்கு இறங்கி, அங்கே ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மறுபடி முகத்துக்கு ஏறும். நான்கு, சாப்பிடும்போது அம்மா பார்ப்பது. ஐந்து என்று போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அம்மாவின் பார்வைக்கு நான் ஆதாரத்தோடு ஓர் எதிர்வாதம் தயார் செய்திருந்தேன். பெரிய கோயிலில் பெருமாளுக்குத் தளிகை என்கிற சாப்பாட்டைச் சமர்ப்பிக்கும்போது திரை போட்டுவிடுவார்கள். வரிசையில் எத்தனை பேர் எத்தனை நேரம் நின்றிருந்தாலும் சரி, அவர் அமுது செய்வதை யாரும் பார்க்க முடியாது. திரை விலகிய பிறகுதான் சேவிக்கலாம். சின்ன வயதிலிருந்து அந்த வரிசையில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அவர் மேல் ஏற்பட்ட முதல் உணர்ச்சி பக்தி இல்லை, பொறாமை.

"பெருமாளுக்கே சாப்பிடறப்ப திரை போடுறாங்கம்மா" என்று ஒருநாள் சொன்னேன்.

"நீ பெருமாளாடி?"

"இல்ல."

"அப்ப சாப்பிடு. சாதத்த கிளறிக்கிட்டே இருக்காத."

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

"பெத்தவ பாக்காம யாரு பாப்பா? பாத்தா என்ன, தேஞ்சா போயிடுவ?"

தேய்ந்துபோவேன் என்றுதான் எனக்கு நினைப்பு. அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். இரவு சாப்பாட்டு நேரத்தில்தான் வீடியோ காலில் வருவார். "கேமராவ அவ பக்கம் திருப்பு" என்பதுதான் முதல் வாக்கியம். ஆக, என் ஒரு தட்டு சாதத்துக்கு உள்நாட்டிலிருந்து ஒருவர், வெளிநாட்டிலிருந்து ஒருவர்.

இது எங்கே தொடங்கியது என்று தேடினால் நிறைய கிடைக்கும். ஒன்றைச் சொல்கிறேன். பாலிடெக்னிக் முதலாண்டில், ஒர்க்‌ஷாப் வகுப்பில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். மூலையில் இருந்த மேசையில் நின்று என் பாட்டுக்கு ராவிக்கொண்டிருந்தேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் ஒழுகவில்லை. அவ்வளவு நேராக வந்திருந்தது. ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், பெருமையோடு கூப்பிட்டார்.

"எல்லாரும் வாங்கடா. பாருங்க, இந்தப் பொண்ணு எப்படி ராவுதுன்னு பாருங்க. நீ பண்ணும்மா."

நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் பண்ணினேன். முழங்கை மேலே எழும்பியது, அரம் வழுக்கியது, நான்கே இழுப்பில் அந்தப் பக்கம் கூண்டு வண்டியின் கூரை மாதிரி வளைந்துபோனது. பின்னாலிருந்து ஒருவன் மெதுவாக, "இதத்தான் பாக்கச் சொன்னாரா?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, நல்ல கேள்வி. பாராட்டும் பார்வையும் கேலிப் பார்வையும் என் முழங்கைக்கு ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

படித்து முடித்து, பற்றவைத்த இடங்களைச் சோதிக்கும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். அந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதைத் தனியாகச் செய்யலாம் என்பதுதான். நான் அதிகமும் செய்வது ஒரு சாயச் சோதனை. கேட்கச் சுலபமாக இருக்கும். வெல்டிங் செய்த ஜாயின்ட்டைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை ஸ்பிரே செய்து, பத்து நிமிடம் விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். பிறகு மேலே இருக்கும் சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளை மாவு மாதிரி ஒன்றை மெல்லியதாக ஸ்பிரே செய்ய வேண்டும். மறுபடி பத்து நிமிடம். உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையில் ஊறி மேலே வரும். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு. இல்லாவிட்டால் வெறும் வெள்ளை.

இதில் சிக்கலான இடம் துடைப்பதுதான். சாயத்தைக் கரைக்கும் கிளீனரைத் துணியில் தெளித்து, அந்தத் துணியால் துடைக்க வேண்டும். ஜாயின்ட்டின் மேல் நேராகத் தெளிக்கவே கூடாது. தெளித்தால் கிளீனர் விரிசலுக்குள்ளும் போய், இறங்கி உட்கார்ந்திருக்கும் சாயத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய விரிசலாக இருந்தாலும் வெள்ளையில் ஒன்றும் தெரியாது. குறை துடைத்தால் வேலை அசிங்கமாக இருக்கும், அதிகம் துடைத்தால் வேலை அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தருவது இதுதான்.

ஐந்து வருடமாக இந்தச் சோதனைகளைக் காலையிலேயே முடித்துவிடுவது என் வழக்கம். எட்டரைக்குத்தான் எல்லாரும் வருவார்கள். ஏழே காலுக்கு நான் உள்ளே இருப்பேன். எங்கள் ஷெட்டின் மூத்த வெல்டர் அதற்காக எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

"வந்துட்டுப் போயிட்டாங்களாய்யா பால்காரம்மா?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைவார். "என் ஜாயின்ட்டுல தண்ணி கலந்திருக்கா, இல்லியாம்மா?"

"இல்லண்ணே. கெட்டிப் பால்."

இந்த ஏற்பாடு 'ஆர்' என்ற எழுத்தால் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சாயச் சோதனைக்குக் காகிதம் போதும் என்பார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். அவர் கேட்டது, தொழிற்சாலையில் கொதிநீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் ஒரு கலன். ஆள் உயரம் இருக்கும். அதன் அட்டவணையில் சாயச் சோதனைக்கு நேரே 'டபிள்யூ' என்று வந்திருந்தது. மானேஜரிடம் போய், 'ஆர்' என்று மாற்றக் கேட்க முடியுமா என்றேன்.

"ஏம்மா, என்ன பிரச்சனை?"

"அவங்களுக்கு அலைச்சல் மிச்சம் சார்."

"அவங்க அலைச்சலப் பத்தி உனக்கென்னம்மா கவல? வந்து பாத்துட்டுப் போகட்டும். நீ பண்றதுல என்ன குறை வந்துடப் போவுது?"

அவர் நம்பிக்கையோடு சொன்னார். அட்டவணையை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆய்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் ஒரு பிளாஸ்க். அவர் ஒருவர் என்றால் நான் சமாளித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் வாடிக்கையாளரின் அலுவலகத்திலிருந்தும் பார்க்க ஆசைப்பட்டார்கள். மானேஜர் போனில் வீடியோ கால் போட்டு என் முகத்துக்கு ஓரடி தூரத்தில் பிடித்துக்கொண்டார். திரையில் நான்கு கட்டங்கள், நான்கு முகங்கள். ஆய்வாளர், மானேஜர், வெல்டர், வேடிக்கை பார்க்க வந்த இரண்டு ஃபிட்டர்கள். நேரில் ஐந்து, போனில் நான்கு. எண்ணிக்கொண்டேன்.

கலனின் மேல் மூடியில் ஒரு குழாய் வந்து சேரும் ஜாயின்ட். சுத்தம் செய்தேன். சாயம் அடித்தேன். பத்து நிமிடம் எல்லாரும் சும்மா நின்றார்கள். சும்மா நிற்கிறவர்கள் எதையாவது பார்க்க வேண்டும், என்னைப் பார்த்தார்கள். எனக்குள் இருப்பவள் வழக்கம்போல் எழுந்து அவர்கள் பக்கம் போய்விட்டாள். துப்பட்டாவின் நுனியில் சிவப்பு பட்டிருப்பதை அங்கிருந்து எனக்குக் காட்டினாள். நேரம் முடிந்தது. உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தேன். கிளீனரைத் துணியில் தெளித்து இன்னொரு தடவை.

போனிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், கொஞ்சம் நீட்டா துடைங்களேன். இங்க ஓரத்துல செவப்பாவே தெரியுது."

மறுபடி துடைத்தேன்.

"இன்னும் இருக்கு மேடம். லெஃப்ட்ல."

அப்போது அதைச் செய்தேன். கிளீனர் டப்பாவை எடுத்து ஜாயின்ட்டின் மேலேயே நேராகத் தெளித்தேன். சாயம் கரைந்து கலனின் பக்கவாட்டில் வழிந்தது. துணியால் வழித்தெடுத்தேன். உலோகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"ஆங், இப்ப சூப்பர்" என்றது போன்.

வெள்ளை அடித்தேன். பத்து நிமிடம் கழித்து வெறும் வெள்ளை. ஆய்வாளர் லைட்டைப் பிடித்து ஒரு சுற்று பார்த்து, "நீட் ஜாப்" என்றார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போனில் இருந்த நான்கு பேரும் நன்றி சொல்லி மறைந்தார்கள். வெல்டர், "பால்காரம்மாவுக்கு இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவருடைய வேலைக்குப் போனார்.

ஒன்பது பேர், பதினெட்டுக் கண். ஒருவரும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் கையில் டப்பா எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை.

மத்தியானம் ஸ்டோர் ரூமில், சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் என் நாற்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு. கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். அந்த ஜாயின்ட் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பற்றவைத்தவரின் வேலையில் நான் ஐந்து வருடத்தில் மூன்று தடவைதான் கோடு பார்த்திருக்கிறேன். தண்ணீர் அழுத்தச் சோதனை போன வாரமே நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் மேலோட்டமான விரிசல் அதில் ஒழுகாது. ஒரு வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அப்புறம்தான் வாயைத் திறக்கும். அந்தக் கலன் நாளைக் காலையில் லாரி ஏறுகிறது. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில், எனக்குத் தெரியாத ஒருவர் தினமும் அதன் பக்கத்தில் நின்று வால்வைத் திருப்புவார்.

சொல்லாவிட்டால் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். எப்போதும் நான் வேண்டிக்கொண்டது அதுதான். சொன்னால், அதே ஒன்பது பேர், அதே இடம், இந்த முறை நான் ஏன் மறுபடி செய்கிறேன் என்று தெரிந்துகொண்டு பார்ப்பார்கள். சாதம் பாதி அப்படியே இருந்தது. சுவரில் பழைய காலண்டர் ஆணி ஒன்று. அந்த ஆணியைச் சுமார் பத்து நிமிடம் பார்த்தேன். சாயம் இறங்க ஆகும் நேரம்.

மானேஜர் அறையில் அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், காலைல டெஸ்ட்டுல தப்பு பண்ணிட்டேன். கிளீனர நேரா அடிச்சிட்டேன்."

டம்ளர் நின்றது. "எப்ப?"

"ரெண்டாவது தடவை துடைக்கச் சொன்னாங்கள்ல, அப்ப."

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா?"

'நான் பார்த்தேன்' என்று பதில் சொல்லியிருக்கலாம். இப்போது எழுதும்போதுதான் அது தோன்றுகிறது. அன்றைக்கு, "திரும்பப் பண்ணணும் சார்" என்று மட்டும்தான் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் மோரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"லாரி சொல்லியாச்சு. அவரு கையெழுத்துப் போட்டாச்சு. நீயே போயி அவருகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

ஆய்வாளர் பக்கத்து அறையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வெறும் கண்ணால் பார்ப்பது கண்ணாடியோடு பார்ப்பதைவிட நீளமாக இருந்தது.

"நான் நின்னுட்டுதானே இருந்தேன்?"

"ஆமா சார்."

"எனக்குத் தெரியலியே."

"ஆமா சார்."

"முப்பது வருஷமா இதே வேலம்மா. யாரும் வந்து இப்படிச் சொன்னதில்ல. எனக்கும் சேத்து வெச்சிட்டியேம்மா ஆப்பு." அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. பிளாஸ்க்கை மூடினார். "சரி வாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முடிப்போம்."

வெயில் ஏற்கனவே ஏறியிருந்தது.

ஷெட்டில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் இரண்டாக இருந்த ஃபிட்டர்கள் ஐந்தாகியிருந்தார்கள். வெல்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். முகம் சரியில்லை.

"என்னம்மா, என் ஜாயின்ட்டு மேல சந்தேகமா?"

"உங்க மேல இல்லண்ணே. என் மேல."

"ஒன் மேலன்னா என் ஜாயின்ட்ட எதுக்கு மறுபடி குளிப்பாட்டுற?"

"நான் காலைல ஒழுங்கா குளிப்பாட்டலண்ணே. அதான்."

அவர் எனக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பழைய வெள்ளையைச் சுத்தமாகக் கழுவி, உலர்த்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். டப்பாவின் மூடி விழுந்து உருண்டு, ஒரு ஃபிட்டரின் காலடியில் போய் நின்றது. போனில் இந்த முறை இரண்டு கட்டங்கள்தான். மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சாயம், பத்து நிமிடம், உலர்ந்த துணி. பிறகு துணியை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, அதில் கிளீனரைத் தெளித்தேன். துடைத்தேன். ஓரத்தில் லேசாகச் சிவப்பு இருந்தது.

"மேடம், இன்னும் கொஞ்சம் செவப்பா..." என்றது போன்.

"அது இருக்கும் சார். இருக்கட்டும்" என்றேன்.

ஆய்வாளர் தலையாட்டினார்.

வெள்ளையை அடித்தேன். அப்போது, நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காலையில் சும்மா நின்றவர்களுக்கு இப்போது காத்திருக்க ஒரு விஷயம் இருந்தது. ஏதோ வரலாம், வராமலும் போகலாம். எல்லாரும் குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெல்டர் முகத்தை அதற்கு மிக அருகில் கொண்டுபோய் மூச்சை அடக்கியிருந்தார். மானேஜர் போனை என்னிடமிருந்து விலக்கி ஜாயின்ட்டின் மேல் பிடித்திருந்தார். அத்தனை பேருக்கு நடுவில் நான் நிமிர்ந்து நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அவர்களைப் பார்த்தேன். ஆய்வாளரின் காதில் பஞ்சு இருந்தது. மானேஜரின் சட்டைக் காலரின் உள்பக்கம் தையல் விட்டிருந்தது. வெல்டரின் புருவத்தில் பாதி முடி பொசுங்கி, புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் கூட வேலை பார்த்திருக்கிறேன், இதையெல்லாம் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டே போய்வந்ததால்.

ஏழாவது நிமிடத்தில் ஒரு புள்ளி வந்தது. கோடு இல்லை, புள்ளி. கடுகில் பாதி. இரண்டு, மூன்று நிமிடம் கழித்தும் அது கடுகில் பாதியாகவே இருந்தது. அளவுகோலை வைத்தேன். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மிகவும் கீழே. ஜாயின்ட் தேறியது. காலையில் நான் கழுவி அனுப்பியது அந்தப் புள்ளியைத்தான்.

வெல்டர் நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடுகு" என்றார். "இதுக்காடா ஒரு மத்தியானம்? எடுத்து வீட்டுல தாளிச்சிக்கம்மா."

ஃபிட்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய முகம் சரியாகிவிட்டது என்று தெரிந்தது. போகும்போது, "பாலுல தண்ணி இல்லன்னு இப்பவாச்சும் எழுதுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அறிக்கையில், மறுசோதனைக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐந்து வருடத்தில் அதை நான் நிரப்பியதில்லை. கிளீனரைத் துணியில் தெளிக்காமல் ஜாயின்ட்டில் நேராகத் தெளித்தது, சோதனை செய்தவரின் தவறு என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து, அதன் கீழே ஆய்வாளருடையது. மானேஜர் படித்துவிட்டு, "கொஞ்சம் நாசூக்கா எழுதியிருக்கலாம்" என்றார். அந்தக் காகிதம் கலனோடு போகும். கலன் இருக்கிறவரை அதன் கோப்பில் இருக்கும். யார் எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். அந்தக் காகிதத்தில்தான் என் தவறுக்கு 'ஆர்' கிடைத்தது.

சாயங்காலம் சத்திரத்தில் கூட்டம் அதிகம். தூண் காலியாக இல்லை, வேறு யாரோ சாய்ந்திருந்தார்கள். நடுவில் நின்றேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். எனக்குள் இருப்பவள் எழுந்திருக்கப் பார்த்தாள். அவளுக்கும் அன்றைக்குக் கால் வலித்திருக்க வேண்டும். பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, துப்பட்டாவுல ரத்தமா அது?" என்றாள் அந்த அம்மாள்.

"இல்லங்க, சாயம்."

"போவுமா?"

"போகாதுங்க."

"சோப்ப போட்டு ஊற வெச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு, பாலம் வந்ததும் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நானும் பார்த்தேன். வழக்கமாக அந்த இரண்டு நிமிடத்தைக் கண்ணை மூடிக் கழிப்பேன்.

இது என்னைக் குணப்படுத்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாள் ஏழே காலுக்கு ஷெட்டில் இருந்தேன். ஸ்டோர் ரூம் நாற்காலி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கப்படுவது எனக்கு இன்னும் களைப்பான வேலைதான். அன்றைக்கு அந்த வேலையைச் செய்துவிட்டு, இன்னொரு வேலையையும் சரியாகச் செய்ய முடிந்தது. அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா முகத்தைப் பார்த்தாள், துப்பட்டாவைப் பார்த்தாள், டிபன் பாக்ஸைத் திறந்து மீதிச் சாதத்தைப் பார்த்தாள். மூன்று கேள்வி வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தோசை வார்த்துத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்தாள், உட்காரப் போனவள் நின்று, நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"திரை போட்டாச்சு. சாப்பிடு."

சாப்பிட்டேன். இரண்டாவது தோசையில் போன் அடித்தது, அப்பா. அம்மா திரும்பாமலே போனை எடுத்து, சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவ எங்க?" என்றார் அப்பா.

"அமுது செஞ்சிக்கிட்டிருக்கா. அப்புறம் பாக்கலாம்."